வடக்குக் கூரை வெயில்

யாராவது "முடியாது" என்று சொன்னால் மற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி நடப்பார்கள். மாமி கைப்பையைத் திறந்து பேனாவை எடுப்பாள். மூடியைக் கழற்றி, முடியாது என்றவர் பக்கமே அதை நீட்டி, "எழுதித் தாங்கோ" என்பாள். குரலில் கோபம் இருக்காது. உப்பு ஜாடி எங்கே என்று கேட்கிற குரல்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் அந்தப் பேனாவுக்குத் தப்பியவர்கள் குறைவு. ஒருமுறை பழவங்காடி பிள்ளையார் கோயில் முனையில் நானும் அவளும் மழைக்கு ஒதுங்கி நின்றோம். அவள் கையில் இரண்டு பை உளுந்து. "ஸ்ரீவராகமோ? அவிடே வெள்ளமாணு, வரில்லா" என்று ஆட்டோக்காரர் மலையாளத்தில் சொல்லித் தலையாட்டினார். மாமி பேனாவை நீட்டினாள்.

"ஒரு வரி போதும். இந்த ரெண்டு பேரை ஏத்த மாட்டேன், காரணம் வெள்ளம். கீழே ஒப்பு."

ஆட்டோக்காரர் பேனாவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "இவர் வக்கீலாணோ?" என்று கேட்டார்.

"இல்லை, இட்லி மாவு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, துண்டை எடுத்துப் பின்சீட்டைத் துடைத்தார். எங்கள் தெருவில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை.

என் அம்மாவும் மாட்டியிருக்கிறாள். பெரிய உருளி ஒன்றை மாமி இரவல் கேட்டபோது, "அது வேண்டியிருக்கு" என்று அம்மா சொல்லிவிட்டாள். பேனா நீண்டது. அம்மா மூன்று மாதம் மாமியோடு பேசவில்லை. "பைத்தியம்! அடுத்தாத்துக்காரிகிட்ட போய் எழுதிக் குடுன்னு கேப்பாளோ ஒருத்தி!" என்று எங்கள் வீட்டுச் சுவரிடமெல்லாம் சொன்னாள். பிறகு ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே, யாரும் கேட்காமல், "நல்லவேளை நான் எழுதிக் குடுக்கலை. காரணம்னு என்னத்தை எழுதறது? அன்னிக்கு நேக்கு அந்த உருளி ஒண்ணுக்கும் வேண்டியிருக்கலை" என்றாள்.

மாமியின் கட்சியும் அதுதான். "வாயால சொல்ற இல்லைக்குக் காரணமே வேண்டாம்டி. நாக்கைப் புரட்டினாப் போச்சு. எழுதணும்னா காரணம் எழுதணும். காரணம்னு ஒண்ணு வந்துடுத்துன்னா, அது நிஜமா பொய்யான்னு நேர்ல போய்ப் பார்த்துடலாம். அவ்வளவுதான் விஷயம்."

அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். கெட்டியான கை, மாவு ஒட்டி ஒட்டி வெளுத்துப்போன விரல் நகங்கள். ஊர் சொன்ன 'இல்லை'களையெல்லாம் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கி வைத்திருந்தாள். ரேஷன் கார்டில் தனிப் பெயர் கிடையாது என்று ஒன்று. பாதி வீட்டுக்குத் தனி மீட்டர் தர வழியில்லை என்று ஒன்று. ஜெயித்தவற்றின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்திருப்பாள். கோடில்லாத தாள்கள் குறைவு. முதல் தாள் மட்டும் எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கூட நாளில் ஒருதடவை துணிந்து கேட்டேன்.

"அது யார் எழுதினது மாமி?"

"ஆத்துக்காரர். இனிமே வரமாட்டேன்னு எழுதி வச்சுட்டுப் போனார்."

மாமி ஃபைலை மூடினாள்.

"காரணம் எழுதலை. அதான் ஒண்ணும் பண்ண முடியலை."

இன்ஜினீயரிங் முடித்ததும் கழக்கூட்டத்தில் ஒரு சின்ன சோலார் நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய ஐ.டி. கட்டடங்களில் வேலைக்குப் போகாமல் அவற்றின் எதிர்ச்சந்தில் ஏணியும் டேப்பும் வைத்திருக்கிற கம்பெனிக்குப் போகிறாளே என்று வீட்டில் ஒரே புலம்பல். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கிழக்கேக்கோட்டையிலிருந்து கழக்கூட்டம் வரை கூரைகளையே பார்த்துக்கொண்டு போவேன். ஓட்டுக்கூரை, தகரக்கூரை, கான்கிரீட் மொட்டைமாடி. அத்தனையும் எட்டு மணிக்கே கண் கூசத் தகித்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக் கிடக்கும். வெயிலைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து ஃபேனைப் போடுகிறோம். அந்த ஃபேன் சுற்ற மின்சாரம் எங்கோ மலைக்கு அப்பாலிருந்து கம்பி வழியாக ஓடி வருகிறது. தலைமேலேயே கொட்டுகிறதை ஒருவரும் ஏந்திப் பிடிக்கவில்லை! இது மழை ஊர் என்பார்கள். மழை விட்ட மறுநிமிடம் முதுகில் சுள்ளென்று அடிப்பதும் இதே ஊர் வெயில்தானே? எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸிலிருந்து குதித்து ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்ட வேண்டும் போலிருக்கும்.

தட்டியது மாமிதான், என் கதவை. "கூரை கூரைன்னு தெருவெல்லாம் பேசிண்டு திரியறயே, என் கூரையைப் பாரேன்."

மாமியின் கூரை பாதிக் கூரை. அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அக்ரஹாரத்து வீடுகள் ரயில்பெட்டி போல நீளமானவை. இரு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டியவை. அவள் வீட்டின் முன்பக்க ஓட்டுச்சரிவு தெருவைப் பார்த்துத் தெற்கே இறங்கும். பின்பக்கச் சரிவு கிணற்றடியைப் பார்த்து வடக்கே இறங்கும். அவள் அப்பா காலமானதும் பெரியவர்கள் கூடி, முகட்டுக்கு முன்னால் அண்ணாவுக்கு, பின்னால் தங்கைக்கு என்று பிரித்து, நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். கூடமும் அறைகளும் அண்ணாவுக்கு. அடுக்களை, கிணறு, கொல்லைப்புறச் சந்து மாமிக்கு. தலைக்கு மேலே இருப்பதும் சேர்ந்து பிரிகிறது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணா கழக்கூட்டத்தில் ஒரு அடுக்ககத்தில் இருந்தார். முன்பாதி எப்போதும் பூட்டியே கிடந்தது. மாமி பின்பாதியில் மூன்று கிரைண்டர்களைப் போட்டு, பழவங்காடி ஓட்டல்களுக்கும் கழக்கூட்டத்து ஹாஸ்டல்களுக்கும் மாவு அரைத்து அனுப்பினாள். இதற்குள் லாட்ஜ் கட்ட இடம் தேடி ஒருவர் வந்துவிட்டார். முழு வீடு கொடுத்தால்தான் வாங்குவார். அண்ணா மாதம் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போவார்.

"உன் பங்கு இருட்டுப் பங்கு. மாவு அரைச்சு வர்றதையெல்லாம் கரண்ட் ஆபீஸ்ல கொண்டு போய்க் கொட்டறே. எத்தனை நாள் தாங்கும்? நீயே ஒருநாள் கையெழுத்துப் போடத்தான் போறே."

அதில் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். கரண்ட் பில் ஜெயித்தால் அண்ணா ஜெயிப்பார். அண்ணா ஜெயித்தால் அடுக்களையும் கிணறும் லாட்ஜின் வாகன நிறுத்தமாகிவிடும். மாமிக்குப் போக இன்னொரு இடம் கிடையாது. இவ்வளவும் எனக்குத் தெரிந்துதான் அவள் கூரையை அளந்தேன்.

அளந்தேன் என்று சொல்வதுகூட அதிகம். வானத்திலிருந்து எடுத்த படத்தில் அவள் வீட்டைச் சுற்றிக் கோடு வரைந்தேன். எங்கள் மென்பொருள் கூரைக்குத் தானே நிறம் பூசிவிடும். அண்ணாவின் தெற்குச் சரிவு பளிச்சென்று பச்சை. மாமியின் வடக்குச் சரிவு சிவப்பு. கீழே ஒரு வரி: 'வடக்குச் சரிவு. பொருத்தமற்றது.' அன்றைக்கு எனக்குப் பதினோரு கூரைகள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

சோலார் பேனல் போட மாமி கேட்ட அனுமதிக்கு, என் அறிக்கையை வைத்து மின்சார ஆபீஸ் இல்லை சொன்னது. மாமி பேனாவை நீட்டினாள். ஆபீஸ் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்து அந்த இல்லையை எழுத்தில் வாங்கினாள். நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஏண்டி, இதோட ஒட்டியிருக்கே, இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாம் மாமி. சாஃப்ட்வேர்தான் அப்படி..."

"சாஃப்ட்வேருக்குக் கை உண்டோ?"

"இல்லை மாமி, வடக்குப் பக்கம் வெயில் சரியா விழாது. சூரியன் தெற்கால போறதோன்னோ..." படித்ததை ஒப்பித்தேன்.

"யாருக்கு?"

"என்ன யாருக்கு?"

"யாருக்குச் சூரியன் தெற்கால போறது?"

நிறுவனத்தின் மென்பொருள் படிவத்தைத் தயாரித்தவர் வடக்கே எங்கோ ஒரு பெருநகரத்துக்காரர். அவருக்கு வருடம் முழுக்க நடுப்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும். எனக்கு? இருபத்துமூன்று வருடமாக இதே தெருவில் வெயிலில் நடக்கிறேன். சித்திரை பிறப்பதற்குள் சூரியன் எங்கள் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது, ஆவணிவரை அங்கேயே இருக்கிறது. மிச்ச மாதங்களில் தெற்கே சாய்ந்தாலும், முகட்டைத் தாண்டிப் பின்சரிவிலும் விழுகிற அளவுக்கு உயரத்தில்தான் நிற்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். என் ஊர்ச் சூரியனை வேற்றூர்க்காரர் சிவப்பு என்றதும் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

மாமி பேனாவை நீட்டவில்லை. அதுதான் சுருக்கென்றது. "நீ எழுதினதை நீயே அழிப்பியோ, இல்லை அதுக்கும் நான் பெஞ்சுல உட்காரணுமோ?"

மறுநாள் மேலாளரிடம் போனேன். "ஒரு ஓட்டுக்கூரைக்காக டெம்ப்ளேட்டை மாத்தணுமா? விட்டேக்கு" என்று கையை உதறினார். இருக்கைக்கு வந்து அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன்: இந்த ஊரில் வடக்குச் சரிவை ஏன் விலக்க வேண்டும் என்பதற்கான காரணத்தைத் தயவுசெய்து எழுத்தில் தரவும். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: 'உன் பொறுப்பில் செய்துகொள்.' மாமியின் பேனா வேலை செய்கிற விதம் அப்போதுதான் எனக்கு உடம்பில் புரிந்தது. எழுத உட்கார்ந்தவருக்குக் காரணம் கிடைக்கவில்லை!

இந்தத் தடவை ஏணி போட்டு ஏறினேன். ஓட்டின் சாய்வை அளந்தேன். அண்டை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த மாதம் எங்கே விழும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டேன். புது அறிக்கையோடு இரண்டு பேரும் மின்சார ஆபீஸுக்குப் போனோம்.

உதவிப் பொறியாளர் மலையாளத்தில், "நார்த் சைடு பற்றில்ல", அதாவது முடியாது, என்று ஆரம்பித்தவர், எங்கள் பேச்சைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்தார். அவருக்கு நாகர்கோவில் பக்கம்.

"அம்மா, ஒண்ணு சொல்லுகேன் கேளுங்க. மொதல்ல இந்தப் பிள்ளை சிவப்புன்னு எழுதிச்சு. இப்பம் பச்சைன்னு எழுதிக் கொண்டாந்திருக்கு. நாளைக்கு நீலம்னு எழுதும். நான் எதை நம்ப?"

நியாயமான கேள்வி. என் காது சூடாகியது.

"ஒண்ணையும் நம்பாதீங்கோ" என்றாள் மாமி. "நீங்க எழுதின காரணம் இதோ இருக்கு. 'போதிய வெயில் இல்லை.' ஒப்பு இருக்கு, சீல் இருக்கு. அந்த இல்லாத வெயிலை ஒருநாள் வந்து பார்த்துட்டுப் போங்கோ."

"இல்லாததை எப்படிம்மா பாக்க?"

"நானும் அதைத்தான் கேக்கறேன். பார்க்காம எப்படி இல்லைன்னு எழுதினேள்?"

அடுத்த மேஜைக்காரர் ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். பொறியாளர் அவரை முறைத்துவிட்டு, "எப்பம் வரணும்?" என்றார்.

"பன்னிரண்டு இருபதுக்கு" என்றேன் நான். "இங்கே சூரியன் உச்சிக்கு வர அவ்வளவு நேரமாகும்."

"சூரியனும் கவர்மெண்டு உத்தியோகமோ, இருபது நிமிசம் லேட்டா வாரதுக்கு?" என்றார். ஆனால் வந்தார். வைகாசி பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். கொல்லைச் சந்து வழியாக வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தவரைக் கிணற்றடியில் மாமி நிறுத்தினாள்.

"சார், அப்படியே நில்லுங்கோ. உங்க நிழல் எங்கே இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். நிழல் காலடியில் சுருங்கி, ஒரு சாண் நீளத்துக்கு வீட்டின் பக்கம், அதாவது தெற்கே, விழுந்திருந்தது.

"தெற்கால நிக்கற சூரியன் நிழலைத் தெற்கேயா தள்ளும்?"

"அம்மா, அது இப்பம். ரெண்டு மூணு மாசம் இப்படி இருக்கும். மார்கழியில? உங்க கூரை இருட்டிப் போகும்லா?"

இதற்கு என் மடிக்கணினியில் பதில் இருந்தது. திறக்கப் போனேன். மாமி என் கையைத் தட்டிவிட்டு, "செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வாங்கோ" என்றாள்.

அடுக்களையில் மூன்று கிரைண்டர்களும் நின்றிருந்தன. உளுந்து ஊறிய வாசனை. வடக்குச் சரிவில் ஓடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்தாற்போல ஒரு துண்டு வெயில் சிவப்புச் சிமெண்டுத் தரையில் கிடந்தது. அதைச் சுற்றித் தரை முழுக்கக் கீறல்கள்.

பொறியாளர் குனிந்தார். "இது என்ன, பிள்ளைய கிறுக்கினதா?"

"என்னோட உளுந்துக் காலண்டர்" என்றாள் மாமி. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, தரையில் தெற்கு வடக்காக அவள் இழுத்திருந்த நீளக் கோட்டை வெயில் துண்டு கடக்கும்போது, எங்கே கடக்கிறதோ அங்கே ஆணியால் ஒரு கீறல். பக்கத்தில் மாதத்தின் பெயர். பிரிவினை ஆன வருடத்திலிருந்து ஏழு வருடமாக. "இந்தக் கீறல்ல விழுந்தா உளுந்து சீக்கிரம் ஊறும், மாவு சீக்கிரம் பொங்கும். அங்கே தள்ளிப் போச்சுன்னா கொஞ்சம் தாமசம். இதோ, மார்கழி. சுவத்துக்கிட்ட வந்துட்டா மாவுப் பாத்திரத்துக்குத் துணி சுத்தி வைக்கணும். கடியாரத்தைப் பார்த்து அரைச்சா இட்லி கல்லாயிடும். நான் தரையைப் பார்த்து அரைக்கறேன்."

அவர் உட்கார்ந்தே விட்டார். பேன்ட் முட்டியில் மாவு ஒட்டுவதைக்கூடப் பார்க்காமல், ஒவ்வொரு மாதமாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனார். வைகாசி தெற்கே. புரட்டாசி கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே இருந்து வடக்கே நகர்கிறது. மார்கழி வடக்குச் சுவரை ஒட்டி.

"ஆடியைக் காணோமே?"

"ஆடி ஒண்ணாம் தேதி ஏழு வருஷமும் மழை. வெயில் விழலை. விழாததுக்குப் பொய்க் கோடு போட மாட்டேன்."

அந்த வார்த்தைதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன். எழுந்து வெளியே போனார். கிணற்றடியில் நின்று, கண்ணாடி ஓடு எந்தச் சரிவில் இருக்கிறது என்று தலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வெயில் துண்டு அவர் பாதத்தின்மேல் ஏறி நின்றது.

"வெயில் வராத கூரைக்குக் கீழேயா சார் ஏழு வருஷமாக் கோடு போட்டுண்டிருக்கேன்?"

அவர் கையை நீட்டினார். "அந்தப் பேனாவைத் தாங்க" என்றார். மாமி நீட்டாமல் அவளிடம் ஒருவர் பேனா கேட்டு நான் பார்த்தது அப்போதுதான். தான் எழுதிய இல்லையை அடித்துவிட்டு, நேரில் பார்த்தேன், வெயில் உண்டு என்று மலையாளத்தில் எழுதி ஒப்புப் போட்டார்.

மாமி வாங்கி இரண்டு தடவை படித்தாள். "காரணம் எழுதலையே."

"உண்டுன்னு சொன்னாலும் காரணமா?"

"பின்னே?"

அவர் தாளைத் திரும்ப வாங்கி ஒரு வரி சேர்த்தார். காரணம்: அடுக்களைத் தரை.

அந்த வருட மழை முடிந்து பேனல் ஏற்றப் போனபோது எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டை. என் வரைபடத்தில் ஒரு பேனல் கண்ணாடி ஓட்டின்மேல் வந்தது. "அந்த ஓட்டை மூடினேன்னா ஏணியை எடுத்துடுவேன், நீ மேலேயே இரு" என்றாள். வரைபடத்தை மாற்றினேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"மாமி, தெற்குச் சரிவுல போட்டா வர்றதைவிட இதுல கொஞ்சம் குறைச்சலாத்தான் வரும்."

"என் கிரைண்டருக்கு வேண்டியது வருமோ?"

"வரும்."

"பின்னே தெற்கைப் பத்தி என்கிட்ட ஏன் சொல்றே? அது அண்ணாவோட கூரை. நன்னா வெயில் விழறது, பூனை படுத்துத் தூங்கறது."

அந்த வேலையையும் ஊரையும் விட்டு நான் கிளம்பிச் சில வருடங்கள் ஆகின்றன. வேறு ஊர்க் கூரைகளில் ஏறி இறங்குகிறேன். எந்தப் படிவம் கையில் வந்தாலும், இதை எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார் என்பதுதான் என் முதல் கேள்வி. சக ஊழியர்கள் என்னைத் தொல்லை என்கிறார்கள். தொல்லையாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சிவப்பு என்று எழுதிவிட்டுப் போவது அரை நிமிட வேலை. அதற்குக் கீழே ஒருத்தி குடியிருக்கிறாள்.

கிளம்புவதற்கு முன்னால் வந்த மார்கழியில் ஒருநாள். மீட்டரைப் படித்துக் குறித்துக்கொள்ள மாமியின் அடுக்களைக்குப் போயிருந்தேன். அவளுடைய கூரைக்கு வருடத்திலேயே மோசமான மாதம் அது. அதைத் தெரிந்துகொண்டுதான் அண்ணாவும் வந்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கையில் விற்பனைப் பத்திரத்தின் நகல். சந்து வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"என்ன, மார்கழியில உன் கூரை படுத்துடும்னாளே? படுத்துடுத்தா?"

மாமி சுவிட்சைத் தட்டினாள். முதல் கிரைண்டர் ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவதைத் தட்டியபோது நான் மீட்டரைப் பார்த்தேன். இரண்டு கல் வெயிலில் சுழன்றன. மூன்றாவதற்குக் கம்பியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். புரட்டாசியில் மிச்சத்தை நாம் கம்பிக்குக் கொடுத்திருந்தோம், அதிலிருந்துதான் எடுக்கிறோம் என்று நான் சொன்னேன். அண்ணா என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி ஓட்டைப் பார்த்தார். சுவரை ஒட்டி விழுந்து கிடந்த வெயில் துண்டைப் பார்த்தார். அதன் நடுவே மார்கழியின் கீறல்.

"சரி, ஓடறது. ஓடட்டும். வாங்கறவர் பொங்கலுக்கு மேலே காத்துண்டிருக்க மாட்டார். ஒரு வார்த்தை சொல்லு."

"மாட்டேன்."

அண்ணா சிரித்தார். நொந்த சிரிப்பு. "ஊர்ல அத்தனை பேர்கிட்டயும் கேக்கறயே. நீ எழுதித் தாயேன், பார்ப்போம்."

மாமி கையைத் துடைக்கவில்லை. அலமாரியிலிருந்து நீல ஃபைலை எடுத்து, வெள்ளைத் தாள் ஒன்றை உருவினாள். கிரைண்டர் மேடையில் வைத்து நின்றபடியே எழுதினாள். எழுதி முடித்ததும் அண்ணாவிடம் கொடுக்காமல் எனக்கு முதலில் காட்டினாள், எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்பதுபோல. இருந்தது இவ்வளவுதான்: 'கையெழுத்துப் போட மாட்டேன். காரணம்: இது இருட்டுப் பங்கு இல்லை. எந்த மாதமும் நேரில் வந்து பார்க்கலாம்.' கீழே தேதி, ஒப்பு.

அண்ணா எட்டிப் படித்தார். அவர் முகம் இறுகியது. பிறகு, விடக் கூடாதென்று, "சீல் இல்லையே?" என்றார்.

மாமி வலது உள்ளங்கையை அரைபடுகிற மாவில் ஒருதடவை தடவி, தாளின் அடியில் பலமாக அழுத்தினாள். ஐந்து விரலும் விழுந்தன. அண்ணா கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. குனிந்து, தாளை வெயில் துண்டுக்குள், மார்கழிக் கீறலின்மேல் சரியாக வைத்தாள்.

"இரு அண்ணா, காயட்டும். வெயில் இருக்கு. சீக்கிரம் காஞ்சுடும்."